இனித்துப்போன அப்பிள்

இரண்டாயிரத்து நான்கில் லண்டன் ஹரோவில் வீடு வாங்கினோம். அந்த ஒக்டோபரில் அடுத்த வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் தன் மரத்து அப்பிள்களைப் பெட்டி நிறையக் கொண்டுவந்து என் கணவரிடம் கொடுத்தார். தோல் முழுக்கப் பழுப்பு, சொரசொரப்பு.

“இதென்ன, உருளைக்கிழங்கோ?” என்று கேட்டேன்.

“பழைய காலத்து இனமாம். கடையிலை வாங்கேலாதாம்,” என்றார் இவர்.

கடித்தால் கல். புளிப்போ காதுவரை ஏறியது. எனக்கு அப்போது இரண்டு மாதம். சோற்று வாசத்துக்கே குளியலறைக்கு ஓடுகிறவள், அதை மட்டும் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றேன். மற்றதெல்லாம், முக்கியமாக இனிப்பு, சத்தியாக வெளியே வந்தது. வரட்டும் என்றிருந்தேன். முந்தின வருஷம் உண்டாகியிருந்தபோது ஒருநாள் சத்தி சட்டென்று நின்றது. அடுத்த வாரம், பிள்ளையின் இதயத்துடிப்பு நின்றுவிட்டது என்றார்கள்.

நவம்பரில் அப்டன் பார்க் கடைகளில் மாங்காய் கிடைத்ததால் அப்பிள் பெட்டி கராஜில் கிடந்தது. கிறிஸ்மஸுக்கு முந்தின சனிக்கிழமை, மாங்காய் முடிந்துவிட, அதைத் திறந்தேன். அப்பிள்கள் சுருங்கியிருந்தன. கடித்தேன். தேன்! முழுவதையும் தின்றுவிட்டுச் சத்திக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

“இஞ்சாருங்கோ, இது இனிக்குது!”

“நல்லதுதானே?”

“விசரோ உங்களுக்கு? எனக்குச் சத்தி வரேல்லை!”

இவர் அடுத்த வீட்டுக்கு ஓடிப்போய்க் கேட்டுவந்தார். இந்த இனம் மரத்தில் பழுக்காதாம். பறித்துக் குளிரில் வைத்தால் கிறிஸ்மஸ் அளவில் புளிப்பிறங்கி இனிக்குமாம்.

“கிழவர் அப்பவே சொன்னவர்தான். நான்தான் மறந்துபோனன்.”

இவரைப் பெட்டியோடு தூக்கி எறியலாம் போலிருந்தது எனக்கு. சரி, அப்பிள் மாறிவிட்டது. என் சத்தி எங்கே போனது? அது நின்றது பழம் மாறியதாலா, என் வயிற்றில் ஏதும் மாறியதாலா? ஒன்றுமே பிடிபடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க இவரைத் திட்டினேன்.

மருத்துவச்சி வயிற்றில் பசை பூசிக் கருவியை வைத்தாள். முதலில் வெறும் இரைச்சல். பிறகு டக் டக்கென்று, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஒரு வேகம். நாலு மாதத்தில் சத்தி நிற்பது வழமைதான் என்றாள்.

“வழமையோ? அதை ஆர் எனக்குச் சொன்னது?” என்று கத்திவிட்டு அழுதேன். அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைவிடச் சத்தமாக அழுதுகொண்டிருந்தார்.