செங்கல் ருசித்த நாக்கு

வண்டன்மேடு சுற்றுவட்டாரத்தில் என் பன் இறங்காத டீக்கடை கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். ஆனால் போர்மாவுக்கு, அதாவது விறகு போட்டு ரொட்டி சுடும் அடுப்புக்கு, தளச் செங்கல் பொறுக்குவதில் என்னை மிஞ்ச இந்த மலையில் ஆள் இல்லை. சிறுபிள்ளையாக இருந்தபோதே அதை நிரூபித்தவள் நான்.

எழுபதுகளில் ஏலத்தோட்டத்து லயத்தில், அதாவது கூலியாட்களின் வரிசை வீடுகளில், குடியிருந்தோம். தாய்மாமா தோட்ட வேலையை உதறிவிட்டு லயத்துக்குப் பின்னால் ஒரு போர்மா கட்டினார். முதல் ரொட்டியே அவர் மானத்தை வாங்கியது. தளத்துச் செங்கல் பொடியாக உதிர்ந்து ரொட்டியின் அடியில் அப்பிக்கொண்டது.

"என்ன மாப்ள, ரொட்டிக்குப் பூச்சு வேலையும் பாத்திருக்கீரு போல" என்றார் கங்காணி. லயமே சிரித்தது.

கிறிஸ்துமஸுக்கு மாதா கோயிலுக்கு ரொட்டி தருவதாக மாமா சாமியாரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அதுவும் கெட்டால், வேலை கேட்டு அதே கங்காணி முன்னால் போய் நிற்க வேண்டும்.

இடித்துப்போட்ட பழைய ஏலக்காய் ஸ்டோரின் செங்கல் குவிந்து கிடந்தது. மாமா தட்டித் தட்டிப் பார்த்துச் சலித்து உட்கார்ந்துவிட்டார். நான் குவியலின் மறுபக்கம் ஒளிந்து என் அன்றாடத் தீனியைத் தின்றுகொண்டிருந்தேன். எனக்குச் செங்கல் தின்னும் பழக்கம். அம்மா அடிக்காத நாள் இல்லை. அன்றும் தேடி வந்து சடையைப் பிடித்தாள்.

"ஏட்டி, மறுபடியுமா? வாயத் தொற."

"இது நல்லால்லம்மா, கரையுது. அந்தா கெடக்குல்லா, அதுதான் நல்ல கல்லு."

மாமா எழுந்து வந்தார். "அக்கா, கைய எடு. நீ சொல்லுட்டி."

சொன்னேன். வேகாத கல் நாக்கில் சேறாகும். மிஞ்சி வெந்தது கண்ணாடி மாதிரி வழுக்கும். பதமாக வெந்த கல் நாக்கை லேசாகப் பிடித்து இழுத்து, பிறகு விட்டுவிடும், சிவப்பு ஒட்டாது. பொழுது சாய்வதற்குள் தளத்துக்கு வேண்டிய அத்தனை கல்லையும் நக்கித் தள்ளினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டே சுமந்தாள்.

கிறிஸ்துமஸ் அன்று கங்காணி தன் வெள்ளைத் துண்டால் ரொட்டியின் அடியைத் துடைத்துப் பார்த்தார். துண்டு வெள்ளையாகவே இருந்தது. "இன்னொண்ணு குடும்" என்று கை நீட்டினார். மாமா என்னைத் தோளில் ஏற்றி லயம் முழுக்கச் சுற்றினார்.

பிறகு ஒருநாள் அம்மாவும் மாமாவும் என்னைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். கம்பவுண்டர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்து அவர்களிடம் ஏதோ தணிவாகச் சொன்னார்; 'ரத்தம்' என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. அதற்கப்புறம் அம்மா அடிக்கவில்லை. காலையில் போர்மாவின் முதல் பன் எனக்கு, கூடவே கருப்பட்டியும் நிலக்கடலையும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல். எல்லாம் என் நாக்குக்குக் கிடைத்த கூலி என்று லயத்துப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டேன்.

மழைக்கு முன்னால் மாமா இரண்டாவது போர்மாவுக்குக் கல் கொண்டுவந்து, "எது நல்லது, சொல்லுட்டி" என்றார். நக்கினேன். உடனே துப்பினேன்.

"எல்லாம் வெறும் மண்ணு மாமா" என்று விக்கி விக்கி அழுதேன்.

மாமா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், அப்படியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் வேலை போன துக்கம் அவளுக்கும் தாங்கவில்லை என்று நினைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.