கழுவிக் கொடுத்த கத்தி

என் அண்ணனைக் கொன்றவனைத் தூக்கில் போட்டே ஆக வேண்டும் என்று தோட்டத்தில் எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியவன் நான்தான். அப்போது லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் ஆட்களுக்கு அண்ணன்தான் கங்காணி. நல்ல மனிதர், ஆனால் நாக்கு கொஞ்சம் நீளம். எங்களில் ஒருவன் செடியைச் சரியாக வெட்டவில்லை என்று ஆரம்பித்தவர், பத்துப் பேர் பார்க்க அவன் பெண்சாதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அவன் கையில் கத்தி இருந்தது. ஒரே வீச்சு.

எங்கள் தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் போகாது. வேலை முடிந்ததும் மலை ஊற்றிலிருந்து பீலியில் விழும் தண்ணீரில் கழுவி, ஆபீசுக்குப் பின்னால் இருந்த அறையில் ஒப்படைக்க வேண்டும். மண்ணும் செடிச்சாறும் ஒட்டியிருந்தால் அந்த அறைக் காவல்காரர் கையால் தொடமாட்டார். அன்றைக்கு நாங்களெல்லாம் அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓட, அவன் பாட்டுக்கு இறங்கிப்போய்க் கத்தியைக் கழுவினான். ஒப்படைத்தான். "கங்காணிய வெட்டிட்டேங்க, தொரைகிட்ட சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கோர்ட்டில் அதுதான் அவனுக்கு எமனாக வந்தது. ஆத்திரத்தில் வெட்டியவனுக்கு ரத்தத்தைக் கழுவி மறைக்கிற நிதானம் எப்படி வந்தது என்று அரசாங்க வக்கீல் கேட்டார். அதைத் தமிழில் சொன்னபோது அவன் திருதிருவென்று விழித்தான். கழுவாமல் எப்படிக் கொடுப்பது? அதைப் போய் யாராவது கேட்பார்களா? காவல்காரரிடம் கத்தி கழுவியிருந்ததா என்று மட்டும் கேட்டார்கள். "ஆமாங்க" என்றார். அவனுக்காகப் பேசிய வக்கீல் டவுன்காரர், கவ்வாத்து மலையைக் கண்டவரா என்ன?

சாட்சி சொல்லிவிட்டுப் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வழக்கம் தெரியும். அந்த வக்கீல் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். போடவில்லை. தொங்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

தூக்குத் தீர்ப்பு வந்த மறுநாள், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில், தோட்டத்துத் தொரை எங்களை வரிசையாக நிறுத்திச் சொன்னார்: "கத்தியத் தூக்கினா கயிறுதான். இனி எவனும் கைய ஓங்க மாட்டான்." எனக்கு வயிறு குளிர்ந்தது.

பத்து நாள்கூட ஆகவில்லை. பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்தவன், "ஒங்க அண்ணன் வாய அடக்கியிருந்தா ரெண்டு குடும்பமும் பொழச்சிருக்கும்" என்றான். உண்மைதான். உண்மை என்பதால்தான் அப்படிச் சுட்டது. எனக்கு நினைவு திரும்பியபோது இரண்டு பேர் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்கள். கத்தி என் தலைக்கு மேலே நின்றது. தொரை சொன்ன கயிறு? சத்தியமாகச் சொல்கிறேன், அது ஞாபகத்துக்கே வரவில்லை. என் பிள்ளைகள்கூட வரவில்லை.

அன்று சாயங்காலம் பீலியில் நின்று கத்தியைக் கழுவினேன். பாதி கழுவிய பிறகுதான், அண்ணனை வெட்டியவனைப் போலவே நானும் கழுவிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

நேராக அவன் பெண்சாதியிடம் போனேன். மன்னிக்கும் அதிகாரமுள்ள மகாதேசாதிபதிக்கு அனுப்பும் மனுவுக்கு அவள் லயம் லயமாகக் கைநாட்டு வாங்கியிருந்தாள். என் வாசலை மட்டும் தாண்டிப் போயிருந்தாள். அவன் கத்தியைக் கழுவியது மறைக்க அல்ல, அது எங்கள் வழக்கம் என்று சொன்னேன்.

"இத கோர்ட்டுல சொன்னீங்களாண்ணே?"

"இல்ல தங்கச்சி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மனுவை எடுத்து நீட்டினாள். தோட்டத்து வாத்தியார் நான் சொன்னதை எழுத, இறந்தவரின் தம்பி என்று போட்டு அதன் கீழே கைநாட்டு வைத்தேன்.

மனு பலிக்கவில்லை. தூக்கில் போட்டுவிட்டார்கள். அந்தச் செய்தியையும் தொரை பெரட்டில்தான் சொன்னார்.

அன்று மாலை நாங்கள் பீலியில் வரிசையாக நின்று கத்தி கழுவிக்கொண்டிருந்தோம். அவள் தண்ணீர் பிடிக்க வந்தாள். வாளியை வைத்துவிட்டு என் முறை முடியும்வரை காத்திருந்தாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நல்லா கழுவிக் குடுங்கண்ணே," என்றாள். "அவரும் கழுவித்தான் குடுத்தாரு."