ஒன்றும் எழுதாத வாக்குத்தத்தம்

எங்கள் சபைக்கு வாக்குத்தத்த அட்டை அச்சடித்து வாங்கி வரும் பொறுப்பு எட்டு வருஷமாக என்னுடையது. ஒவ்வொரு புத்தாண்டிலும் சபையார் ஆளுக்கு ஓர் அட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருஷம் முழுக்க அவர்களுக்குக் கர்த்தர் தரும் வாக்கு. முந்நூறு அட்டை. அத்தனையையும் ஒருமுறை புரட்டிச் சரிபார்த்து பிஸ்கட் டப்பாவில் அடுக்க வேண்டியவனும் நான்தான். 2003ஆம் வருஷத்து அட்டைகளை நான் சரிபார்க்கவில்லை. சோம்பேறித்தனம். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

சொக்கம்மாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திருவொற்றியூரில், துறைமுகத்துக்குள் போகக் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும் சாலையோரம் அவர் இட்லி விற்றார். சில நாள் அந்த வரிசை எண்ணூர் வரைக்கும் நீளும். ஊரே அதைத் திட்டும். சொக்கம்மாள் மட்டும் அதற்காக ஸ்தோத்திரம் சொல்வார். கணவர் லோகநாதன் அப்படி ஒரு லாரியை ஓட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போனவர். லாரி மட்டும் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் இவர் சபைக்கு வந்தார். ஞானஸ்நானத்தில் ரெபேக்காள் என்று பெயர் வைத்தோம். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஒரே மகள், கார்குழலி. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வருஷா வருஷம் அட்டையை மகள்தான் வாசித்துக் காட்டுவாள். பிறகு சோற்றுப் பருக்கையைத் தடவி பீரோ கதவில் ஒட்டுவாள். 2002இல் வந்த அட்டையில், பிள்ளைகளைப் பத்திரமாகக் காப்பதாகக் கடவுள் சொல்லியிருந்தார். ஆகஸ்டில் கார்குழலிக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினோரு நாள். பத்தொன்பது வயது.

துக்கம் விசாரிக்கச் சபையே திரண்டு போனோம். போனவர்கள் சும்மா இருந்தோமா? பாஸ்டர் சுப்புராஜ் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் இருபது வருஷம் இருந்தவர். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. சாவு வீட்டிலும் அதே தொண்டைதான். தேவ சித்தம் என்றார். ஒருவர் இது சோதனை என்றார். இன்னொருவர், பிள்ளை இந்நேரம் பரலோகத்தில் பாடிக்கொண்டிருப்பாள் என்றார். நான் என் பங்குக்கு, இதிலும் ஒரு நன்மை இருக்கும் என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சொக்கம்மாள் அழவில்லை. எல்லாருக்கும் தலையாட்டினார்.

அந்த வீட்டில் வாயே திறக்காமல் இருந்தவர் ஒரே ஒருவர்தான். ரஹீமுன்னிசா. தண்டையார்பேட்டையில் வெங்காயம், பூண்டு விற்பவர். இட்லிக் கடைச் சட்னிக்குச் சரக்கு அவரிடம்தான். துக்கத்தின் முதல் மூன்று நாளும் வியாபாரத்தை விட்டுவிட்டுக் காலையிலேயே வந்தார். சொக்கம்மாளுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். பையில் கொண்டுவந்த பூண்டை உரித்தார். பொழுது சாய்ந்ததும் எழுந்து போனார்.

"அந்தம்மா ஆறுதலா ஒரு வார்த்த சொல்லல பாரேன்" என்று எங்கள் சபைப் பெண்கள் குறைபட்டுக்கொண்டார்கள். நானும் ஆமாம் என்றேன்.

அதன் பிறகு சொக்கம்மாள் சபைக்கு வரவில்லை. டிசம்பர் கடைசியில் அவரைக் கூப்பிடப் போனேன். பீரோ கதவில் பழைய அட்டை அப்படியே இருந்தது. அவர் இட்லித் தட்டில் துணியை விரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"வர்ரேன். புது வருசத்துக்கு வந்து கார்டு எடுக்கறேன். இந்த தபா இன்னா சொல்றாருன்னு பாக்கறேன். மறுபடியும் அத்த தரேன், இத்த தரேன்னு சொல்லிக்கினு இருந்தாருன்னு வையி, அங்கியே கிழிச்சிப் போட்டுட்டு வந்துடுவேன். அப்பால அவரு யாரோ, நான் யாரோ."

வாக்குத்தத்தம் என்றால் தருகிறேன் என்பதுதானே. தரமாட்டேன் என்று யார் அச்சடிப்பார்கள்? முந்நூறில் எதை எடுத்தாலும் கிழிப்பார், போவார். வர வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. நான் சபையின் செக்ரட்டரி.

ஜனவரி முதல் தேதி காலை ஆராதனைக்கு வந்தார். வரிசையில் நின்றார். டப்பாவுக்குள் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்துப் பாஸ்டரிடம் நீட்டினார். ஒவ்வொன்றையும் மைக்கில் வாசித்து ஆசீர்வதிப்பது பாஸ்டரின் வழக்கம்.

"சகோதரி ரெபேக்காளுக்கு இந்த வருஷம் கர்த்தர் சொல்லுகிறது என்னவென்றால்..." என்று முழங்கினார். நிறுத்தினார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் திருப்பினார். ரோஜாப்பூப் படம் இருந்தது. 'இந்த ஆண்டு உனக்கு' என்ற தலைப்பு இருந்தது. அதற்குக் கீழே வெள்ளை.

படமும் தலைப்பும் சிவகாசியில் கலரில் அடித்து வருபவை. வசனம் மட்டும் வண்ணாரப்பேட்டையில், அமீருதீன் பாயின் பிரஸ்ஸில் ஏறும். இரண்டு அட்டை ஒட்டிக்கொண்டு மிஷினுக்குள் போனால் மேலே இருப்பதில்தான் மை விழும். கீழே இருப்பதை எடுத்துப் போடத்தான் என்னைப் போல் ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள்.

"வேற ஒண்ணு எடும்மா" என்று பாஸ்டர் மெதுவாகச் சொன்னார். மைக் அணையவில்லை. சபை முழுக்கக் கேட்டது.

"இன்னா போட்டுகீது?"

"ஒண்ணும் போடல. பிரஸ்ல தப்பாயிடுச்சு."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்லம்மா."

சொக்கம்மாள் அட்டையைத் திருப்பி வாங்கினார். கிழிக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கிழிகிற சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது, அந்த வெள்ளையின் மேல் விரலை வைத்து, எழுத்துக்கூட்டி வாசிப்பவரைப் போல மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார்.

"குடும்மா, மாத்தித் தர்றேன்" என்று பாஸ்டர் கையை நீட்டினார்.

"வாணாம் பாஸ்டரே. இத்த நானே படிச்சிட்டேன்."

"என்னம்மா படிச்ச?"

"அவருக்கும் பேச்சு வரல. நம்ம ரஹீமுன்னிசா மாரி, சும்மா வந்து பக்கத்துல குந்திகினு கீறாரு."

பாஸ்டர் வாயைத் திறந்தார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல் முறையாக, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

சொக்கம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்தார். நாலரை மாதமாக வராத அழுகை அப்போது வந்தது. மகள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். எல்லாம் மைக்கில் விழுந்தது. யாரும் அதை அணைக்கப் போகவில்லை. நான் டப்பாவை மூடி வைத்துவிட்டு, ஓர் ஆள் இடம் விட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சரிபார்க்காமல் விட்டது நான்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். கையில் பூண்டு இருந்திருந்தால் உரித்திருப்பேன்.