ஆத்தாளிடம் பேர் சொல்லிக் கேட்டேன்

எனக்குக் கழுத்து வலி. இந்த ஒரு வரியைப் பத்து வருடத்துக்கு மேலாக டாக்டர்களிடம் சொல்லிவந்தேன். கழுத்தில் தொடங்கும், தோளுக்கு இறங்கும், நடு முதுகில் போய் உட்கார்ந்துகொள்ளும். விடியும்போது இரண்டு கை விரல்களும் மரத்துப் போயிருக்கும். ஒருநாள் குளித்துவிட்டு வந்து தலைமுடியை அள்ளி முடியப் பார்க்கிறேன், கை மேலே போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அறுபது வயதில் முடி முடிய இயலாதவளாக ஆகிவிட்டேனே என்று அழுதேன்.

ஆத்தாளை நம்பும் சகோதரிகளே, நான் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்துத் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள். கோவில்பட்டியில்தான் வீடு. எந்தச் சான்றிதழுக்கு எந்த மேசைக்குப் போகவேண்டும், எந்த மனுவை என்ன காரணம் எழுதித் திருப்பலாம் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அப்படிப்பட்டவள் என் சொந்த உடம்பின் மனுவை மட்டும் வருடக்கணக்காகத் தப்பான மேசைக்கே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நேராகவே எழுதுகிறேன். என் மார்பு பெரியது. பள்ளிக்கூடத்துக் காலத்திலேயே அப்படி. அப்போது புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்து, தோளைக் குறுக்கி நடக்கப் பழகினேன். வேலைக்கு வந்தபிறகு பைக்குப் பதில் கோப்பு. அரசாங்கக் கோப்புகளை அவ்வளவு பாசமாக நெஞ்சில் அணைத்துக்கொண்டு நடந்த ஊழியர் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். குழந்தை பிறந்து, மாதவிடாய் நின்று, வயதும் ஏற ஏறப் பாரம் கூடியதே தவிரக் குறையவில்லை. உள்ளாடைப் பட்டை அழுத்தி இரண்டு தோளிலும் பள்ளம் விழுந்துவிட்டது. நம் ஊர்ச் சித்திரை வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மார்புக்கு அடியில் வேர்த்து, தோல் வெந்து, புண்ணாகிவிடும். பவுடர் போட்டு, பழைய வேட்டித் துணியை மடித்து வைத்துக்கொண்டு வெளியே போவேன். இதை எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. கழுத்து என்றேன். அவர்களும் கழுத்தைப் படம் எடுத்து, கழுத்துக்குப் பட்டை கொடுத்து, கழுத்துக்கு மாத்திரை எழுதினார்கள். கேட்டதற்குப் பதில் வந்தது. அவர்கள்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

உண்மையைக் கண்டுபிடித்தது பிசியோதெரபி பார்க்கும் ஒரு சின்னப் பெண். என் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. பின்னால எவ்வளவு புடிச்சுவிட்டாலும் முன்னால இருக்க பாரம் திரும்ப இழுத்துருது. மதுரைல ஒரு சர்ஜனைப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள்.

மதுரைக்கு ரயிலேறித் தனியாகப் போனேன். சர்ஜனும் பெண்தான். பொறுமையாகச் சொன்னார். மார்பைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை. அதிகப்படியான சதையையும் தோலையும் எடுத்துவிட்டு மேலே தூக்கித் தைப்பார்கள். தழும்பு இருக்கும். காம்பில் உணர்ச்சி குறையலாம். முழு மயக்கம் கொடுக்கவேண்டும். எனக்குச் சர்க்கரை இருப்பதால் புண் ஆறத் தாமதமாகலாம். ஆனால் முதுகு நிமிரும். "யோசிச்சுட்டு வாங்க" என்றார்.

யோசித்தேன். வீட்டில் என் கணவரிடம், "மாத்திரையை மாத்தியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு யோசித்தேன். எங்கள் அலுவலகத்தில் யாரும் தொட விரும்பாத கோப்பின்மேல் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதி அலமாரியில் வைப்போம். அப்படித்தான் வைத்தேன். இந்த வயதில் இது எதற்கு என்று ஊர் கேட்கும். ஊர் கேட்பதற்கு முன்னால் நானே என்னைக் கேட்டு, நானே தள்ளுபடி செய்துகொண்டிருந்தேன். மத்தியானம் தனியாக இருக்கும்போது மட்டும் வேண்டும் வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும். நிமிர்ந்து நடக்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஆடி மாதம் வந்தது. ஆற்றங்கரையில் இருக்கும் நம் ஆத்தாள் கோயிலுக்கு வருடாவருடம் போவது வழக்கம். அங்கே வாசலில் உறுப்புத் தகடு விற்பார்கள். கண், கை, கால், வயிறு, முழு ஆள் என்று தகரத்தில் அடித்த உருவங்கள். எந்த இடம் வலிக்கிறதோ அந்தத் தகட்டை வாங்கி, வலிக்கிற இடத்தில் ஒற்றி, சந்நிதியில் காட்டி உண்டியலில் போடவேண்டும். நானும் தவறாமல் போட்டுவந்தேன். ஒரு வருடம் கை. ஒரு வருடம் தலை. கழுத்துக்குத் தனியாகத் தகடு இல்லாததால் சில வருடம் முழு ஆள். அந்த ஆடிச் செவ்வாயன்று கணவரோடு பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது. ஆத்தாளிடமும் கழுத்து என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்? இன்றைக்குச் சரியான தகட்டைக் கேட்டு வாங்குவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்வது சுலபம்.

கணவர் தேங்காய் வாங்கப் போய்விட்டார். கடையில் சரியான கூட்டம். கடைக்காரம்மாள் சாமான் எடுக்கும் வேகத்திலேயே பேசினாள்.

"என்னக்கா வேணும்?"

"ஒரு தகடு."

"தகட்டுக்கடைல தகடுதான் கேப்பீங்க. எந்த எடம்?"

"உடம்பு."

"முழு ஆளா?"

"முழுசா இல்ல. கழுத்துக்குக் கீழ."

"வயிறா?"

"அதுக்கு மேல."

"இருதயக்காரவிய எல்லாம் முழு ஆள்தான்க்கா வாங்குதாவ."

"இருதயம் இல்லம்மா."

அவள் கையை நிறுத்தினாள். என்னை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தாள். பிறகு பின்னால் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்து, "ஏங்க, அந்த மார்புத் தகட்டுக் கட்டு எங்க வச்சிருக்கீங்க? இந்த அக்கா எவ்வளவு நேரமா நிக்கிறாவ!" என்றாள். கோயில் மைக்கைவிட அவள் குரல் தெளிவாக இருந்தது.

தரை பிளக்கும் என்று எதிர்பார்த்தேன். பிளக்கவில்லை. பக்கத்தில் வேப்பிலையோடு நின்ற ஒரு பெண், "எக்கா, எடுக்கும்போது எனக்கும் ஒண்ணு சேத்து எடுக்கச் சொல்லுங்க. மகளுக்குப் பால் கட்டிக் காய்ச்சலா கெடக்கா" என்றாள்.

அவளுக்கும் பின்னால் இருந்து இன்னொருத்தி, "எனக்கும் ஒண்ணு. போன வருசம் கட்டி எடுத்தாச்சு. நேத்திக்கடன் நிக்கி" என்று கை நீட்டினாள். நீட்டியவள் என்னைப் பார்த்து, "உங்களுக்கும் கட்டியாக்கா?" என்று கேட்டாள். காய்கறி விலை கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"இல்லம்மா. பாரம்" என்றேன். "கழுத்தையும் முதுகையும் இழுத்துக் கொல்லுது. ஆபரேஷன் பண்ணிக் கொறைக்கலாம்னு டாக்டர் சொல்லுதாங்க. பண்ணலாமான்னு ஆத்தாட்ட கேக்க வந்தேன்."

என் வாயிலிருந்து அந்த வார்த்தைகள் வந்ததை நானே கேட்டேன்.

"கேட்டுட்டுப் பண்ணிருங்க. எங்க சின்னம்மை இப்படித்தான் குனிஞ்சே இருந்தா, குனிஞ்சே போய்ச் சேந்தா. அவளும் சொல்லல, யாரும் கேக்கவும் இல்ல" என்றவள், கையில் வந்த தகட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைக்காரம்மாளிடம் சண்டைக்குப் போய்விட்டாள். "ஏத்தா, இது ஒரு பக்கம் நசுங்கியிருக்கு, வேற குடு."

"நசுங்குனா என்ன? ஆத்தாளுக்கு அடையாளம் தெரியாதாக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை என்பதைச் சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன்.

சந்நிதியில் தகட்டை நெஞ்சில் ஒற்றி நின்றேன். "தாயே, கை என்றும் தலை என்றும் சொல்லி உன்னை அலையவிட்டேன். வலி இங்கேதான். இதைக் குறைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். சரியென்றால் வழியைத் திற. வேண்டாமென்றால் இந்த ஆசையை என்னிடமிருந்து எடுத்துவிடு" என்று கேட்டேன். அசரீரி கேட்கவில்லை. பூ விழவில்லை. "நகருங்க, நகருங்க" என்று பூசாரி திருநீற்றைக் கொடுத்துத் தள்ளிவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் கணவரிடம் சொன்னேன். அவர் நூற்பாலையில் மெஷின் பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சலில் வாழ்ந்ததாலோ என்னவோ, பேச்சு குறைவு. ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு கேட்டார். நான் முடித்ததும் ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு, "நானும் ரொம்ப வருசமா பாக்குதேன். தூக்கத்துல நீ கைய உதறுத. என்ன வார்த்த போட்டுச் சொல்லன்னு தெரியல. உன்னக் கொற சொன்ன மாதிரி ஆயிருமோன்னு விட்டுட்டேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே வலியை ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறோம். ஆத்தாளின் பதில் வரத் தொடங்கிவிட்டது என்று அந்த பஸ்ஸிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்தது என் நாத்தனார் பேச்சியம்மாள். இடைசெவல் கிராமத்தில் விவசாயம். விஷயம் காதில் விழுந்த அன்றே வந்துவிட்டாள்.

"மதினி, அறுவதுக்கு மேல இது என்னத்துக்கு? யாருக்குக் காட்டப் போறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் பேப்பரை மடித்து வைத்தார். "ஏட்டி பேச்சி, நீ மூட்டு ஆபரேஷன் பண்ணும்போது, யாருக்கு ஆடிக் காட்டப் போறன்னு நான் கேட்டனா?"

முப்பது வருட மண வாழ்க்கையில் அவர் பேசிய மிக நீளமான வாதம் அதுதான். பேச்சியம்மாள் உடனே கிளம்பிவிட்டாள். போகும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

வழி ஒரேயடியாகத் திறந்துவிடவும் இல்லை. மதுரையில் எடுத்த மார்பகப் படத்தில் கட்டி ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனால் இரத்தத்தில் சர்க்கரை கூடுதல் என்று சர்ஜன் திருப்பி அனுப்பிவிட்டார். குறையைச் சரிசெய்து மறுபடி சமர்ப்பிக்கச் சொல்வது நியாயமான நடைமுறை. நானே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறேன்! தினமும் விடியற்காலையில் மில் ரோட்டில் நடந்தேன். சோற்றைக் குறைத்துக் குதிரைவாலிக்கு மாறினேன். கடலைமிட்டாயை நிறுத்தினேன். கோவில்பட்டியில் இருந்துகொண்டு கடலைமிட்டாயை நிறுத்துவது என்ன விரதம் என்பது உங்களுக்குப் புரியும். நடக்கும்போது ஆத்தாள் பேரைச் சொல்லிக்கொண்டே நடப்பேன். தை மாதம் மறுபடி போனபோது சர்க்கரை இறங்கியிருந்தது.

அறுவை சிகிச்சை அன்று பயமாகத்தான் இருந்தது. ஒப்புதல் படிவத்தை வரி வரியாகப் படித்து, சந்தேகம் கேட்டு, அதன் பிறகே கையெழுத்துப் போட்டேன். அதிலிருந்து நர்ஸுகள் என்னிடம் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள். அல்லது பயந்தார்கள். மயக்க ஊசி ஏறும்போது "தாயே, நீ பாத்துக்கோ" என்றேன். அடுத்து எனக்குத் தெரிந்தது கணவரின் முகம்தான்.

வலியே இல்லை என்று சாட்சி சொன்னால் அது பொய்ச் சாட்சி. வலித்தது. இரண்டு பக்கமும் குழாய், இறுக்கிக் கட்டிய கட்டு, மல்லாந்தே படுக்கவேண்டும். ஒரு பக்கத் தையல் ஆறுவதற்கு அதிக நாள் எடுத்தது. அந்தப் பக்கம் இன்னும் மதமதப்பாகத்தான் இருக்கிறது. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். தீங்கில்லை என்று முடிவு வந்த அன்று வீட்டில் விளக்கேற்றிப் பொங்கல் வைத்தோம்.

கட்டெல்லாம் பிரித்த பிறகு ஒருநாள் முடியை அள்ளி முடிந்துகொண்டிருந்தேன். பாதியில்தான் உறைத்தது, இரண்டு கையும் தலைக்கு மேலே இருந்தன. அப்படியே நின்றேன். தாயே, தாயே என்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை.

இப்போது நிமிர்ந்து நடக்கிறேன். பழைய அலுவலக நண்பர்கள், "மேடம், உயரமா ஆயிட்டீங்களே" என்கிறார்கள். என்ன செய்துகொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். சிலர் பேச்சை மாற்றுகிறார்கள். மாற்றட்டும்.

இந்த ஐப்பசி மழையில் பேச்சியம்மாள் வந்தாள். அன்றைக்குப் பிறகு அவள் வருவது அதுதான் முதல் தடவை. செருப்பில் அப்பியிருந்த கரிசல் மண்ணை வாசற்படியில் நெடுநேரம் சுரண்டினாள். உள்ளே வந்து கணவர் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டாள்.

"மதினி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"ஒண்ணுமில்ல. காப்பி குடுங்க."

காப்பி குடித்தாள். தம்ளரைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கன வலிக்குதுன்னு சொல்லு பேச்சி" என்றேன்.

"எனக்கு அடி எறங்குது மதினி" என்றாள். "கடைசிப் பிள்ள பெறந்ததுல இருந்து. களையெடுக்கக் குனிய முடியல. தும்முனா வெளிய வந்துருது. உள்ள தள்ளி விட்டுட்டு வேலையப் பாக்கேன்."

கருப்பை இறங்கியிருக்கிறது. அவளுடைய கடைசி மகனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது.

"யார்ட்டயாவது சொல்லியிருக்கியா?"

"ஒங்ககிட்டதான்."

அன்று அவள் கேட்ட கேள்விக்குப் பதில் கேள்வி ஒன்று என் நாக்கு நுனிவரை வந்தது. ஆத்தாள்தான் பிடித்து நிறுத்தியிருக்கவேண்டும். எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அதைத் தாங்கும் தெம்பு என் தோளுக்கு வந்திருந்தது.

மறுநாளே பெண் டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். கருப்பை இறங்காமல் தாங்க இப்போதைக்கு உள்ளே வளையம் வைத்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சை பற்றிப் பிறகு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரும் செவ்வாய்க்கிழமை நாங்கள் இரண்டு பேரும் ஆத்தாளிடம் போகிறோம். அந்த உறுப்புக்கு இதுவரை யாரும் தகடு அடிக்கவில்லை, விசாரித்துவிட்டேன். வாயாலேயே சொல்லிவிடுவதாகப் பேச்சியம்மாள் ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

சகோதரிகளே, உங்களில் யாருக்கு எது வலிக்கிறது என்று எனக்குத் தெரியாது. எங்களோடு வாருங்கள். ஆத்தாளிடம் அந்த இடத்தின் பேரைச் சொல்லிக் கேளுங்கள். சொன்ன வாயோடு டாக்டரிடமும் போய்ச் சொல்லுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நான் துணைக்கு வருகிறேன். வெளியே உட்காரச் சொன்னால் வெளியே உட்காருகிறேன், கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் பிடித்துக்கொள்கிறேன். நம் உடம்பைப் படைத்தவள் அவள். அதில் எதைச் சொன்னாலும் அவள் முகம் திருப்பமாட்டாள்.