அக்கா ஹீற்றரை அணைத்த குளிர்காலம்

எங்கள் அக்கா எம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரது நற்குணங்களை மட்டும் எழுதினால் போதும் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். ஆனால் நோயில் கிடந்தபோது அக்கா என்னிடம், "தம்பி, அந்தத் தண்ணி விசயத்தையும் எழுது. அதை மறைச்சுப்போட்டு என்னைப் புகழாதை" என்று கேட்டிருந்தார். ஆகவே எழுதுகிறேன்.

அக்கா கரவெட்டியில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். போர்க்காலத்தில் நோர்வேக்கு வந்து, வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்து எங்களைப் படிப்பித்தார். அத்தானைக் கரம்பிடித்தபின் ஒஸ்லோவுக்கு வந்து முதியோர் இல்லச் சமையலறையில் சேர்ந்தார். நகரின் ஹவுகெட்டோ பகுதியில் ஒரு மரவீட்டின் மேல்தளத்தை இருவருமாக வாங்கினார்கள். கீழ்த்தளத்தில் இங்கர் என்ற நோர்வேஜிய மூதாட்டி தனியாக வசித்தார்.

அத்தான் முதுகுவலியால் வேலையிழந்த காலத்தில் மின்சார விலையும் ஏறியது. அக்கா பிள்ளைகளின் அறையைத் தவிர மற்ற ஹீற்றர்களை எல்லாம் நிறுத்தினார். ஜன்னல் இடுக்குகளில் துணி செருகினார். வீட்டுக்குள்ளேயே எல்லோரும் கம்பளிச் சட்டையோடு திரிந்தார்கள். ஆனாலும் தாங்க முடியாத குளிர் இல்லை. பில் குறைந்தது. அக்காவுக்கு அதில் பெருமை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் தாய்மாரிடம், "நிப்பாட்டிப் பாருங்கோ, ஒண்டும் நடக்காது. நாங்கள் இருக்கிறம்தானே" என்பார். பலர் அப்படியே செய்தார்கள்.

பேர்கனில் நடந்த ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டபோது, அக்கா பிள்ளைகளின் அறை ஹீற்றரையும் அணைத்துவிட்டுப் போனார். அந்த வாரம் கடுங்குளிர். திரும்பி வந்தபோது குசினிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. தெருவில் ஏதோ திருத்த வேலை என்று நினைத்து, ஹீற்றர்களைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். வெளிச்சுவருக்குள் குழாய் உறைந்து வெடித்திருந்தது. வீடு சூடேற, பனிக்கட்டி உருகித் தண்ணீர் இங்கரின் வரவேற்பறையில் கொட்டியது. அவருடைய காலஞ்சென்ற கணவரின் பியானோ அங்கேதான் இருந்தது.

அக்கா இங்கரிடம் தனியாகப் போகத் தயங்கியதால், ஒஸ்லோவிலேயே இருந்த நானும் கூடப் போனேன். இங்கர் றப்பர் சப்பாத்தோடு நனைந்த தரையில் நின்றார். அக்கா அழுதுகொண்டே நடந்ததை எல்லாம் சொன்னார்.

இங்கர் கோபப்படவில்லை. "இந்தக் குளிர்காலம் முழுக்க என் வீட்டு உட்கூரை குளிர்ந்துகொண்டே இருந்தது. வயதாகிவிட்டது, அதனால்தான் எனக்குக் குளிர்கிறது என்று நினைத்து ஹீற்றரைக் கூட்டிக் கூட்டி வைத்தேன்" என்றார். பிறகு, "கஷ்டம் என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. மேல்வீடு அந்த அளவுக்காவது சூடாக இருந்தது அவரது ஹீற்றரால். அக்கா மிச்சம் பிடித்ததாக நினைத்ததை அந்த மூதாட்டி தன் மின்சார பில்லில் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் இருவராலும் இங்கரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தரையையும் உட்கூரையையும் காப்புறுதி நிறுவனம் திருத்திக் கொடுத்தது. பியானோவைத் திருத்த முடியவில்லை. திருத்த வேலை முடியும்வரை தங்களோடு வந்து தங்கும்படி அக்கா கெஞ்சினார். இங்கர் நன்றி சொல்லிவிட்டு மகன் வீட்டுக்குப் போனார்.

அந்தச் சனிக்கிழமை அத்தான், "நான் பிள்ளையளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன், நீர் வீட்டிலை நில்லும்" என்றார்.

"இல்லை. அவையள் என்ரை கதையைக் கேட்டு நிப்பாட்டி வச்சிருக்கினம். நான்தான் சொல்லவேணும்" என்று அக்கா புறப்பட்டார்.

தாய்மார் முன்னால் நின்று, "நான் சொன்னது பிழை. முழுக்க நிப்பாட்டாதேங்கோ, குறைச்சு வையுங்கோ. குழாய் போற பக்கம் சூடு இருக்கட்டும். கீழை இருக்கிற சனத்தோடையும் ஒருக்கால் கதையுங்கோ" என்றார்.

"எங்களுக்கு வகுப்பெடுத்தவவோ இப்பிடிச் சொல்லுறா" என்று ஒருவர் சிரித்தார். அக்கா தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். அதன்பின் அவர் யாருக்கும் எதையும் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்காவைக் கடைசிவரை பராமரித்த தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்து தந்த உறவுகளுக்கும், தோள்கொடுத்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

அக்கா காலமான அன்று மேல்வீட்டில் இடம் போதாமல், வந்தவர்கள் வாசலில் பனியில் நின்றார்கள். இங்கர் தன் வீட்டைத் திறந்து எல்லோரையும் உள்ளே அழைத்தார். நன்றி சொல்ல நான் அவரது வாசலுக்குப் போனேன். அவர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"கதவைச் சாத்துங்கள், சூடு வெளியே போகிறது" என்றார்.