மொட்டைமாடியில் இன்டர்நெட்

சிங்கம்புணரி தாண்டியதும் நான் வந்த பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிர்வீட்டுச் சுவர் முழுக்க ஒரு செல்போன் கம்பெனி விளம்பரம்: 'கிராமத்துக்கும் மின்னல் வேக இன்டர்நெட்'. அதே வீட்டு மொட்டைமாடியில், உச்சி வெயிலில், ஒரு அம்மா ஒயர் தொங்கும் மோடத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார்.

"என்னக்கா செய்றீக?" கீழே நின்று கேட்கிறேன்.

"உள்ள மகளுக்கு இன்டர்வியூ நடக்குது. டவர் அங்குட்டு இருக்கு. கீழ வச்சா பேச்சு அந்துபோகுது."

"கம்பெனியில சொல்லலையா?"

"சொன்னேன். ஆப்புல புகார் குடுக்கணுமாம். அதைத் தொறக்க நெட் வேணும்ல."

வீட்டுக்காரரைக் கேட்காமலே சுவரில் பெயின்ட் அடித்துப் போனவர்களுக்கு, இங்கே ஒரு டவர் போட மட்டும் கை வரவில்லை.

மகள் வெளியே வருகிறாள். "வேலை கெடச்சிருச்சும்மா. வீட்டுல இருந்தே பாக்கணும். நெட் நிக்குமான்னு கேட்டாக, நிக்கும்னுட்டேன்."

அம்மா கையை இறக்காமலே சொல்கிறார். "அப்ப நாந்தான் நிக்கணும்."