சூப் கரண்டியின் நிழல்

கொச்கோருக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் புருல்சாவுக்குச் சமையல் வேலை. தினமும் இருநூறு பிள்ளைகளுக்கு சூப் வைப்பாள், ரொட்டி சுடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் தலைநகர் பிஷ்கெக்கில் இரண்டு வருஷம் கணக்குப் படித்தவள். மூன்றாம் வருஷம் குபத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு குழந்தைகள் வந்தார்கள், படிப்பு பெட்டிக்குள் போய்விட்டது. அவளுக்கு முப்பத்தாறு வயதானபோது ஊர்க் கணக்கு வாத்தியார் மாஸ்கோவுக்கு டாக்ஸி ஓட்டக் கிளம்பிவிட்டார். தலைமையாசிரியர் நேரே அடுக்களைக்கே வந்தார்.

"ஏம்மா புருல்சா, நீ பாதிக் கணக்கு படிச்சவதானே? மீதியைத் தபால் வழியில படிச்சு முடிச்சிடேன். வாத்தியார் வேலை உனக்குத்தான்."

"அப்ப சூப் யாருங்க சார் வைப்பா?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்."

இப்படித்தான் புருல்சா மறுபடி மாணவி ஆனாள். கணக்குப் பாடங்கள் அவளைப் பயமுறுத்தவில்லை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே மனசுக்குள் போட்டுவிடுவாள். வானவியலில்தான் வந்தது வினை. 'சொந்த ஊரில் உச்சிப்பொழுதுச் சூரியனின் உயரக் கோணத்தை அளந்து, ஊரின் அட்சரேகையைக் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதவும்.' புத்தகத்தை மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் தூக்கம்தான் வந்தது.

குபத் பிஷ்கெக்குக்கு வேன் ஓட்டுகிறவன். உலகத்தில் எல்லாப் பிரச்சினைக்கும் தன் வேனில் வரும் யாரோ ஒருவரிடம் தீர்வு இருக்கிறது என்பது அவன் கட்சி.

"கவலைப்படாதே. எல்தியார்னு ஒரு பையன் வருவான். காலேஜ்ல கடைசி வருஷம், கணக்குல புலி. ஒரு ஆடு கொடுத்தா கட்டுரையை எழுதியே கொடுத்துடுவானாம்."

ஆடு பின் ஸீட்டில் ஏறிப் பிஷ்கெக் போனது. ஒரு வாரத்தில் கட்டுரை வந்தது. இருபத்திரண்டு பக்கம், கலர் படங்கள், பளபளக்கிற உறை. புருல்சாவுக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் உறை பிடித்திருந்தது. பிஷ்கெக்கில் நடக்கும் நேரடி வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

பேராசிரியை சகீனா அசானொவ்னா மூன்றே பக்கம் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மார்ச் இருபத்தொண்ணு, உச்சிப்பொழுதுல சூரியன் முப்பது டிகிரி உயரம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க மேடம்."

"அப்ப உங்க ஊர் அறுபதாவது அட்சரேகையில இருக்கு. பீட்டர்ஸ்பர்க் பக்கம். வர்றதுக்கு எத்தனை நாள் ஆச்சு?"

வகுப்பே சிரித்தது. புருல்சாவின் காது மடல் சுட்டது.

"ரெண்டு வாரம் தர்றேன். உங்க ஊரை அது இருக்கிற இடத்துக்கே கொண்டு வந்து சேருங்க" என்றார் சகீனா.

பஸ் நிலையத்திலிருந்தே எல்தியாருக்குப் போன் போட்டாள்.

"தம்பி, நீ சூரியனைப் பாத்திருக்கியா?"

"எந்த சூரியன்க்கா?"

"எத்தனை இருக்கு?"

"அக்கா... அது வேற யாரோ எழுதின கட்டுரை. ஊர் பேரை மாத்தினேன், நம்பரை மாத்த மறந்துட்டேன்."

"என் ஆட்டைத் திருப்பிக் கொடு."

"சாப்பிட்டாச்சுக்கா. ஹாஸ்டலே சாப்பிட்டுச்சு."

"அப்ப நான் கூப்பிடும்போதெல்லாம் போனை எடுக்கணும். எடுக்கலைன்னா என் வீட்டுக்காரர் வேனை உன் ஹாஸ்டல் வாசல்ல நிறுத்தி ஹாரன் அடிப்பார். அவருக்கு அது ரொம்பப் பிடிச்ச வேலை."

சூத்திரங்கள் எல்தியாருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "தொண்ணூறுல இருந்து சூரியனோட உயரத்தைக் கழிங்கக்கா. அன்னைக்கு சூரியன் பூமத்திய ரேகைக்கு எவ்வளவு வடக்கேன்னு அட்டவணையில இருக்கும், அதைக் கூட்டுங்க. முடிஞ்சுது."

மறுநாள் பன்னிரண்டு மணி அடித்ததும் பள்ளி முற்றத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டாள். நிழல் எண்பத்தோரு சென்டிமீட்டர். வெங்காயம் நறுக்குகிற பலகையிலேயே கணக்குப் போட்டாள். நாற்பத்திநாலரை டிகிரி.

"அக்கா, உங்க ஊர் இப்ப கஜகஸ்தான்ல இருக்கு" என்றான் எல்தியார்.

"பீட்டர்ஸ்பர்க்குக்கு இது எவ்வளவோ பக்கம்."

ஆனால் தப்பு எங்கே என்று அவனுக்கும் பிடிபடவில்லை. சூத்திரம் சரி, பெருக்கல் சரி. பிடித்தது புருல்சாதான். பன்னிரண்டரை வாக்கில், காயப்போட்ட அடுக்களைத் துணிகளை எடுக்கப் போனவள் குச்சியைப் பார்த்தாள். நிழல், பன்னிரண்டு மணிக்குப் போட்ட கோட்டைத் தொடாமல் உள்ளே சுருங்கிக் கிடந்தது.

"தம்பி, பன்னெண்டுக்கு அப்புறமும் நிழல் குறையுது. சூரியனுக்கு மணி பாக்கத் தெரியலையா?"

அவன் யோசித்தான். பிறகு கத்தியே விட்டான். "கடிகாரம்தான்க்கா தப்பு! நம்ம நேரத்தை ரொம்பக் கிழக்கே இருக்கிற தீர்க்கரேகைக்கு வெச்சிருக்காங்க. நமக்கு உச்சிப்பொழுது ஒரு மணிக்குத்தான்!"

இப்போது புதுச் சங்கடம். ஒரு மணிக்குத்தான் இருநூறு பிள்ளைகளும் தட்டோடு வந்து நிற்பார்கள். கூடச் சமைக்கிற உல்கான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"அந்த நேரத்துல நீ வெளியே போனே, பிள்ளைங்க என்னையே பிச்சுத் தின்னுடும்."

வெளியே போக முடியாவிட்டால் சூரியனை உள்ளே வரவழைக்க வேண்டியதுதான். சாப்பாட்டுக் கூடத்தில் தெற்கே பெரிய ஜன்னல். அதன் திரைக் கம்பியிலிருந்து சூப் கரண்டி ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டாள். அதன் நுனி நிழல் தரையில் நகர்ந்தது. இன்னொரு கரண்டியால் பரிமாறிக்கொண்டே, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஓடிப் போய்ச் சாக்கட்டியால் புள்ளி வைத்தாள். ஜன்னலுக்கு மிகக் கிட்டே விழும் புள்ளியும் கரண்டியின் உயரமும் போதும், விடை வந்துவிடும். முதல் நாள் பிள்ளைகளின் பூட்ஸ் எல்லாவற்றையும் அழித்துவிட்டது. இரண்டாம் நாள் பெஞ்சுகளைப் போட்டு மறித்தாள்.

"என்னடி, ஊர் வந்துச்சா?" என்றாள் உல்கான்.

"நாப்பத்திரண்டு புள்ளி ஏழு. இன்னும் அரை டிகிரி. பிஷ்கெக் பக்கம் வந்துட்டோம்."

"அங்கேயே நிறுத்திடேன். எனக்கு அங்கே தங்கச்சி இருக்கா."

மூன்றாம் நாள் ஒரு சிறுமி பழரசத்தைக் கொட்டிவிட்டாள். சிவப்பு ரசம் புள்ளிகளைத் தாண்டி, நடுவில் இருந்த வடிகால் ஓட்டையை நோக்கி ஒழுங்காக ஓடியது. புருல்சா துணியோடு வந்தவள் துடைக்காமல் நின்றாள்.

"துடைடி! என்ன வேடிக்கை பாக்குற?"

"உல்கான், தரை சரிவு! இத்தனை வருஷமா சரிவான தரையில நிக்கிறோம்!"

"என் முழங்காலுக்கு அது எப்பவோ தெரியும். என்கிட்ட யாரு கேட்டா?"

மறுநாள் மாவு தேய்க்கிற பெரிய பலகையைத் தரையில் போட்டு, ஒரு பக்கம் அட்டை கொடுத்தாள். மேலே ஒரு தட்டில் தேநீர் ஊற்றி, அது எந்தப் பக்கமும் சாயாதபடி மட்டம் பார்த்தாள். அன்றைக்கு வந்த விடை நாற்பத்திரண்டு புள்ளி மூன்று. வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து எல்தியாரைக் கூப்பிட்டாள்.

"சூப்பர்க்கா! நானும் ஹாஸ்டல் கூரைமேல குடைக்கம்பியை நட்டு அளந்தேன். நாப்பத்தேழு வருது."

"ஒரு மணிக்குத்தானே அளந்தே?"

"ஆமாக்கா."

"கூரை மட்டமா இருக்கா?"

"அதைப் பாக்கலையேக்கா."

"போய்ப் பாரு தம்பி."

இந்த முறை கட்டுரை ஒன்பதே பக்கம், கையெழுத்து. தப்பாக வந்த விடைகளையும், ஏன் தப்பாயின என்பதையும் ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். சகீனா அசானொவ்னா அவளை நிற்கவைத்துக்கொண்டே கடைசி வரி வரை படித்தார்.

"சரியான விடை நாப்பத்திரண்டு புள்ளி ரெண்டு. அந்தப் புள்ளி ஒண்ணு எங்கே போச்சு?"

"கயிறு ஆடிடுச்சுங்க மேடம். பிள்ளைங்க கதவைத் திறந்து திறந்து மூடினாங்க."

சகீனாவின் உதடு கொஞ்சம் கோணியது. ஐந்துக்கு நாலு போட்டார். "ஒரு மார்க்கைக் குறைச்சது கயித்துக்காக இல்லை. மொதல்ல ஒண்ணு கொண்டு வந்தீங்களே, அதுக்காக."

புருல்சா வாதாடவில்லை. நியாயம்தானே.

அந்தச் செப்டம்பரில் தலைமையாசிரியர், படிப்பு முடிகிறவரை காத்திருக்காமல், பதினோராம் வகுப்பு வானவியலை அவளிடம் கொடுத்தார். வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை. மற்ற நாள் சமையல்தான். முதல் நாள் கையைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குள் போனாள். பிள்ளைகள் எழுந்து நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்:

"உங்களை டீச்சர்னு கூப்பிடணுமா, அக்கான்னா?"

"வியாழக்கிழமை டீச்சர். மத்த நாள் அக்கா" என்று சொல்லிவிட்டு, புருல்சா வருகைப் பதிவேட்டைத் திறந்தாள்.